எளாவூருக்கு ரெண்டு எம்.பி. இருந்த காலம்

ஒரு கேள்வியோட தொடங்குவோம். உங்க தாத்தாவோ பாட்டியோ எளாவூர், ஆரம்பாக்கம், சுண்ணாம்புகுளம், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, பழவேற்காடு பக்கத்துக்காரங்களா? 1952 பொதுத்தேர்தல்ல ஓட்டுப் போட்டவங்களா? அப்படின்னா நாடாளுமன்றத்துக்கு அவங்க கையில இருந்தது ஒரு ஓட்டு இல்லை, ரெண்டு ஓட்டு. அவங்களுக்கு டெல்லியில ஒரு எம்.பி. இல்லை, ரெண்டு எம்.பி.

சும்மா சொல்லல. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல்ல திருவள்ளூர் மக்களவைத் தொகுதி ஒரு இரட்டை உறுப்பினர் தொகுதி. அதிலிருந்து மரகதம் சந்திரசேகர், பி. நடேசன் என்று ரெண்டு பேர் முதல் மக்களவைக்குப் போனாங்க. ரெண்டு பேரும் காங்கிரஸ்.

அந்தத் திருவள்ளூர் தொகுதி இப்போ இல்லை. "என்னங்க, 2024-ல நாங்க திருவள்ளூர் தொகுதிக்குத்தானே ஓட்டுப் போட்டோம்"னு கேப்பீங்க. பேர் ஒண்ணுதான், ஆள் வேற. பழைய திருவள்ளூர் 1967-ல வரைபடத்திலிருந்து போயிடுச்சு. 42 வருஷம் அந்தப் பேர்ல ஒரு மக்களவைத் தொகுதியே கிடையாது. 2009-ல அதே பேரை எடுத்து வேற ஒரு உடம்புக்கு வச்சாங்க. அந்தப் பழைய தொகுதி எப்படி வந்துச்சு, எப்படிப் போச்சுங்கிற கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறோம். தொகுதி மறுவரையறை பத்தி டிவி விவாதத்துல நிறைய சத்தம் கேட்டிருப்பீங்க. மறுவரையறைன்னா ஒரு ஊருக்கு நிஜத்துல என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்க எளாவூரை விட நல்ல பாடம் கிடையாது.

முதல்ல இரட்டை உறுப்பினர் தொகுதி. இன்னிக்கு இருக்கிற மாதிரி "தனித் தொகுதி" என்று ஒரு தொகுதியையே பட்டியல் சாதியினருக்கு ஒதுக்குற ஏற்பாடு அப்போ பெரும்பாலும் கிடையாது. தலித் மக்கள் கணிசமாக வாழும் இடங்களில் தொகுதியை இரண்டு மடங்கு பெரிசாக்கி, அதில் ரெண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க. ஒண்ணு பொது இடம், இன்னொண்ணு ஒதுக்கீட்டு இடம். வாக்காளருக்கு ரெண்டு ஓட்டு. ரெண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. அன்றைய சென்னை மாகாணத்துக்கு மக்களவையில 75 இடம். தொகுதிகள் 62. அதுல 13 தொகுதி இப்படி ரெட்டைத் தொகுதி. சட்டமன்றத்துலயும் அதே ஏற்பாடு. 1952-ல 375 இடத்துக்கு 309 தொகுதி, அதுல 66 ரெட்டை.

இன்னொண்ணையும் மனசுல வாங்கிக்கோங்க. அன்னிக்கு அரசியல் சட்டத்தின் 81-வது பிரிவு என்ன சொல்லுச்சுன்னா, ஏழரை லட்சம் மக்களுக்குக் குறைஞ்சது ஒரு எம்.பி. இருக்கணும். மக்கள்தொகை, வாக்காளர் இல்லை, குழந்தை குட்டி எல்லாம் சேர்த்து. 2024-ல திருவள்ளூர் தொகுதியில வாக்காளர் மட்டுமே 20 லட்சத்துக்கும் மேல. எம்.பி. ஒருத்தர்.

இந்த ரெட்டைத் தொகுதியில ஒரு விசேஷம் உண்டு. முதல்ல ஒதுக்கீட்டு இடத்துக்கு, பட்டியல் சாதி வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கினவரை எடுத்துப்பாங்க. அப்புறம் மீதி இருக்கிற எல்லாரிலும் யார் அதிகமோ அவருக்குப் பொது இடம். அந்த "எல்லாரும்" பட்டியல்ல ஒதுக்கப்பட்ட சமூகத்தவரும் அடக்கம். அப்போ என்ன ஆகும்? ரெண்டு இடத்தையும் அவங்களே ஜெயிக்கலாம். ஜெயிச்சும் காட்டினாங்க. 1957-ல ஆந்திராவின் பார்வதிபுரத்தில் பழங்குடியினருக்கான ரெட்டைத் தொகுதியில ரெண்டு இடமும் பழங்குடி வேட்பாளர்களுக்கே போச்சு. தோத்தவர் யார் தெரியுமா? வி.வி. கிரி. பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனாரே, அதே கிரி. பொது இடத்துல பழங்குடியினர் எப்படி உட்காரலாம்னு அவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1959-ல தீர்ப்பு வந்துச்சு. உட்காரலாம், சட்டப்படி சரி என்று.

அடுத்த ரெண்டே வருஷத்துல, 1961-ல, நாடாளுமன்றம் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிச்சு சட்டம் போட்டுச்சு. தொகுதி ரொம்பப் பெரிசு, வேட்பாளருக்குச் செலவு அதிகம், நிர்வாகம் கஷ்டம்னு காரணம் சொன்னாங்க. அதெல்லாம் உண்மைதான். ஆனா பொது இடத்துல ஒரு பழங்குடி உட்கார்ந்த உடனே எல்லாருக்கும் நிர்வாகக் கஷ்டம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுது பாருங்க, அதையும் நாம மறக்கக் கூடாது.

எளாவூருக்கு அந்த ரெண்டு எம்.பி. காலம் 1961 வரைக்கும்கூட நீடிக்கல. 1956-ல மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிஞ்சப்போ தொகுதிகளையும் திருத்தி எழுதினாங்க. 1957 தேர்தல்ல திருவள்ளூர் ஒற்றைத் தொகுதியாச்சு. ஆர். கோவிந்தராஜுலு நாயுடு எம்.பி. ஆனார். ரெட்டை இடம் தெற்கே செங்கல்பட்டுக்குப் போச்சு. அங்கேதான் சென்னையின் முன்னாள் மேயர், பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராக இருந்த என். சிவராஜ் ஜெயிச்சார். நல்ல விஷயம்தான். ஆனா ஏரிக்கரையில இருந்த தலித் குடும்பங்களுக்கு, "நம்ம ஆள் டெல்லியில இருக்காங்க"ன்னு சொல்லிக்க இருந்த ஒரு பேர் அஞ்சே வருஷத்துல கைவிட்டுப் போச்சு. கோடு எங்க போகணும்னு அவங்களைக் கேட்டா போட்டாங்க?

சட்டமன்றத்துல நிலைமை வேற மாதிரி. பக்கத்துப் பொன்னேரி 1957-ல ரெட்டைத் தொகுதி. ரெட்டை ஒழிஞ்ச பிறகு தனித் தொகுதியாச்சு, இன்னிக்கும் தனித் தொகுதிதான். கும்மிடிப்பூண்டியில 1957-ல ஒரு பெண் சட்டமன்றத்துக்குப் போனாங்க. கமலாம்புஜம்மாள். முதல் மக்களவைக்கு மரகதம் சந்திரசேகர், அடுத்து சட்டமன்றத்துக்குக் கமலாம்புஜம்மாள். பெண்களுக்கு 33 சதவீதம்னு இன்னிக்குப் பெருமையாகப் பேசுறோம். அறுபத்தஞ்சு, எழுபது வருஷத்துக்கு முன்னாடியே இந்த வடகோடி ஊர்கள் பெண்களை அனுப்பி இருக்கு.

இந்தத் தொகுதி உயிரோட இருந்த காலத்துலதான் இன்னொரு பெரிய கோடும் விழுந்துச்சு. மாநில எல்லை. 1953 அக்டோபர் 1 ஆந்திரா பிரிஞ்சுது. வடக்கெல்லைப் போராட்டம், ம.பொ.சி., மங்கலங்கிழார், திருத்தணி எல்லாம் நமக்குப் பள்ளிப் பாடம். படாஸ்கர் பரிந்துரைப்படி 1959-ல எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி நம்மகிட்ட வந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் அதைக் கொண்டாடுறோம், கொண்டாடத்தான் வேணும். ஆனா அது கைமாற்று. நாம கொடுத்தது என்னன்னு யாரும் பேசுறதில்ல. பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காக்களிலிருந்து பல கிராமங்கள் அந்தப் பக்கம் போச்சு. இன்னிக்கு நீங்க சத்தியவேடுன்னு சொல்ற பகுதி அதுதான்.

அந்த ஊர்க்காரரை நினைச்சுப் பாருங்க. 1957-ல மெட்ராஸ் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டவர், 1962-ல ஹைதராபாத்துக்கு ஓட்டுப் போடுறார். வீடு மாறல, நிலம் மாறல. அவர் குடியிருக்கிற மாநிலம் மாறிப் போச்சு. இங்கே எளாவூர், ஆரம்பாக்கம் பக்கம் இன்னிக்கும் ஒரே வீட்டுல தமிழும் தெலுங்கும் பேசுவாங்க. பொண்ணு கொடுக்கிறது, எடுக்கிறது, சந்தைக்குப் போறது எல்லாம் சூலூர்பேட்டை, தடா பக்கம். கோடு போட்டவங்களுக்கு அது தெரியாம இல்லை. எங்கேயாவது போட்டுத்தானே ஆகணும்.

ஏரியையும் சேர்த்துத்தான் பிரிச்சாங்க. சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உப்புநீர் ஏரி நம்ம பழவேற்காடு ஏரி. அதோட பெரும்பகுதி ஆந்திராவில. நம்ம பக்கம் இருக்கிறது தெற்கு ஓரம் மட்டும். ஆனா கடல் தண்ணி ஏரிக்குள்ள வர்ற பழவேற்காடு முகத்துவாரம் நம்ம பக்கம். மீனுக்கும் இறாலுக்கும் எல்லைக் கல் தெரியாது. வலை போட்டவனுக்குத்தான் தெரியணும். எல்லை தாண்டிட்டே, படகைப் பிடிச்சு வச்சோம்னு ரெண்டு பக்கமும் சண்டை வர்றதை நாம பார்த்துக்கிட்டேதான் இருக்கோம்.

சரி, தொகுதிக்கு வருவோம். 1962 தேர்தல் திருவள்ளூருக்குக் கடைசித் தேர்தல். வி. கோவிந்தசாமி நாயுடு ஜெயிச்சார், காங்கிரஸ். அவர் டெல்லியில இருக்கும்போதே தொகுதியின் கதை முடிவாகிப் போச்சு. 1961 மக்கள்தொகைக் கணக்கு வந்துச்சு, மறுவரையறை ஆணையம் உட்கார்ந்துச்சு. மக்களவையின் மொத்த இடங்களைக் கூட்டினாங்க. நம்ம இடத்தைக் குறைச்சாங்க. 41 இருந்தது 39 ஆச்சு. ஆந்திராவுக்கும் அதே கதி, 43 இருந்தது 41. மக்கள்தொகையில நம்ம பங்கு மத்த மாநிலங்களை விடக் குறைஞ்சதுதான் காரணம். அந்தத் திருத்தத்துலதான் திருவள்ளூர் என்ற பேர் மக்களவைப் பட்டியலில் இருந்து போச்சு. ஸ்ரீபெரும்புதூர் என்ற பேர் வந்துச்சு.

1967-ன்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? அண்ணா, ஆட்சி மாற்றம், ரூபாய்க்கு மூணு படி அரிசி. அதே தேர்தல்லதான் தமிழ்நாடு ரெண்டு எம்.பி. இடங்களை இழந்தது. அதே நேரத்துல சட்டமன்றம் 206-ல இருந்து 234 ஆக வளர்ந்ததால, வீட்டுல ஆள் கூடின மாதிரிதான் தெரிஞ்சுது. டெல்லிக்குப் போற கூட்டம் சின்னதானது கண்ணுக்குப் படல.

அந்த ரெண்டு இடத்துக்கு விலை என்னன்னு நீதிமன்றமே ஒருமுறை கணக்குப் போட்டுச்சு. 2021 ஆகஸ்ட்ல, தென்காசி தனித் தொகுதி சம்பந்தமான ஒரு வழக்கு. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் என். கிருபாகரன், பி. புகழேந்தி கேட்டாங்க: மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தின மாநிலத்துக்கு இடத்தைக் குறைக்கிறது என்ன நியாயம்? 1967-ல இருந்து 14 தேர்தல், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேர், ஆக 28 எம்.பி. ஆளுக்கு 200 கோடின்னு வச்சாக்கூட 5,600 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு ஈடாகக் கொடுக்கலாமே? ஒரே ஒரு ஓட்டுல 1999-ல மத்திய அரசே கவிழ்ந்ததையும் அவங்க சுட்டிக்காட்டினாங்க. பணம் வரல, வராது. ஆனா ஒரு எம்.பி. இடம்னா வெறும் நாற்காலி இல்லைன்னு நீதிமன்றம் பதிவு பண்ணி வச்சது பெரிய விஷயம்.

இதுல ஒரு கிளைக்கதையும் உண்டு. 1952-ல திருவள்ளூரிலிருந்து போன மரகதம் சந்திரசேகர் நேரு அமைச்சரவையில துணை அமைச்சரானாங்க. 1962-ல மாயவரம் போய் அங்கிருந்து ஜெயிச்சாங்க. பழைய திருவள்ளூர் இருந்த இடத்துல வந்த ஸ்ரீபெரும்புதூருக்கு 1984-ல திரும்பி வந்து ஜெயிச்சாங்க, 1989-லயும் ஜெயிச்சாங்க. 1991 மே 21-ஆம் தேதி ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூர் வந்தது இவங்களுக்கு ஓட்டுக் கேட்கத்தான். உலகத்துக்கே தெரிஞ்ச பேராச்சு அந்த ஊர். ஆனா அந்தத் தொகுதியின் வடக்கு முனை, பழவேற்காடு ஏரி வரைக்கும் போகும்னு அன்னிக்குத் தமிழ்நாட்டுலயே எத்தனை பேருக்குத் தெரியும்? எளாவூர் மீனவர் ஓட்டுப் போட்டது ஸ்ரீபெரும்புதூர் எம்.பி.க்கு. இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் எங்கே இருக்குன்னு மேப் எடுத்துப் பாருங்க. ஒரு மனு கொடுக்கணும்னா ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும்.

1976-ல அவசரநிலைக் காலத்தில் 42-வது திருத்தம் வந்து, 1971 கணக்கை வச்சு இடங்களை உறைய வச்சாங்க. அது 2000 வரைக்கும். அப்புறம் 84-வது திருத்தம், 2026-க்குப் பிறகு வர்ற முதல் மக்கள்தொகைக் கணக்கு வரைக்கும் நீட்டிச்சுது. மாநிலத்துக்கு எத்தனை இடம்ங்கிறதுதான் உறைஞ்சுது. மாநிலத்துக்கு உள்ளே கோடுகளை மாத்தலாம். அதைத்தான் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 கணக்கை வச்சுப் பண்ணி, 2008-ல அமலுக்கு வந்துச்சு.

அதுல நம்ம மாவட்டத்துக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. மேற்கே பள்ளிப்பட்டு சட்டமன்றத் தொகுதி ஒழிஞ்சுது. 2006 தேர்தல்தான் அதுக்குக் கடைசி. சென்னைக்குப் பக்கத்துல ஆவடி, மாதவரம், அம்பத்தூர், மதுரவாயல்னு புதுசா முளைச்சுது. கிராமத்துல ஒண்ணு போச்சு, நகரத்துல நாலு வந்துச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, மக்கள் அங்கே குவிஞ்சிருக்காங்க. ஆனா பள்ளிப்பட்டுக்காரருக்கு "எங்க தொகுதி எம்.எல்.ஏ."ன்னு சொல்ல ஆள் இல்லாம போனது போனதுதான்.

மக்களவையில அதுவரைக்கும் தனித் தொகுதியாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் பொதுத் தொகுதியாச்சு. திருவள்ளூர் திரும்ப வந்துச்சு, தனித் தொகுதியாக. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம். இந்த ஆறும் சேர்ந்ததுதான் புதுத் திருவள்ளூர். 2009-லயும் 2014-லயும் அ.தி.மு.க.வின் வேணுகோபால், 2019-ல காங்கிரஸின் ஜெயக்குமார், 2024-ல சசிகாந்த் செந்தில். போன முறை வித்தியாசம் 5,72,155 ஓட்டு.

அந்த வித்தியாசத்தை இன்னொரு தடவை படிங்க. அஞ்சே முக்கால் லட்சம். கும்மிடிப்பூண்டி சட்டமன்றத் தொகுதியின் மொத்த வாக்காளர்களே மூணு லட்சத்துக்குள்ள. ஆவடியும் மாதவரமும் ஒவ்வொண்ணும் நாலு லட்சத்தைத் தாண்டினது. அப்போ ஒரு வேட்பாளரின் தேர்தல் ஏஜென்ட் இடத்துல இருந்து யோசிங்க. பிரச்சாரத்துக்கு இருக்கிறது பதினஞ்சு நாள். வண்டியை எங்கே விடுவீங்க? மாதவரத்துல ஒரு ரவுண்டானாவுல நின்னா கிடைக்கிற கூட்டம், ஏரிக்கரையில எத்தனை குப்பம் சுத்தினா கிடைக்கும்? நம்ம கட்சிக்காரங்க உள்பட எல்லாரும் இதே கணக்குதான் போடுறோம். ஒத்துக்குவோம்.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த ஏரிக்கரை மக்களுக்கு எம்.எல்.ஏ.வை விட எம்.பி.தான் அதிகம் தேவை. ஏன்னு பாருங்க. ஏரி ரெண்டு மாநிலத்துல இருக்கு. எல்லைத் தகராறு வந்தா டெல்லி பேசணும். ஏரி பறவைகள் சரணாலயம். முகத்துவாரத்துல மணல் அடைச்சா தூர் வாரணும், நிரந்தரமா சுவர் கட்டணும், அதுக்கு வனத்துறை, வனவிலங்கு வாரிய அனுமதி வேணும். கடலோர ஒழுங்குமுறை விதி டெல்லியோடது. ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடுற அன்னிக்குக் கடலுக்குப் போகாதேன்னு சொல்றது மத்திய அரசு நிறுவனம். எண்ணூர்ல காமராஜர் துறைமுகம் மத்திய அரசோடது. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கிறதும் மறுக்கிறதும் மத்திய அமைச்சகம். ஒரு சாதாரண நெல் விவசாயிக்குக் கலெக்டர் ஆபீஸ்ல பாதிப் பிரச்சினை முடியும். ஏரி மீனவருக்கு டெல்லிக் கதவைத் தட்டாம எதுவும் நகராது. அவருக்குத்தான் தொகுதியில ஆகக் கடைசி மூலை.

இனி நடக்கப் போறது என்ன? 2027 மார்ச் 1-ஐ மையமா வச்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிச்சிருக்காங்க. அது 2026-க்கு அப்புறம் வர்ற முதல் கணக்கெடுப்பு. அதோட உறைநிலை முடியுது. 2023-ல நிறைவேத்தின பெண்கள் இடஒதுக்கீட்டையும் மறுவரையறையோட முடிச்சுப் போட்டு வச்சிருக்காங்க. தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம்ங்கிற சண்டை உங்களுக்குத் தெரியும். 2025 மார்ச் 22-ல சென்னையில கூடின கூட்டு நடவடிக்கைக் குழு, இன்னும் 25 வருஷம் உறைநிலை நீடிக்கணும்னு கேட்டுச்சு. வடக்கே இருக்கிற வாக்காளர் "எங்க ஓட்டுக்கு மட்டும் ஏன் மதிப்புக் குறைவு?"ன்னு கேட்கிறதுலயும் ஒரு நியாயம் இருக்கு. அதை மறைச்சுட்டு நாம வாதாடினா எடுபடாது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்ங்கன்னு டெல்லி சொன்னதைச் செஞ்ச மாநிலத்துக்கு 1967-லயே ரெண்டு இடம் போச்சு, இனியும் போகணுமாங்கிறதுதான் நம்ம கேள்வி.

ஆனா தோழர்களே, அந்தச் சண்டையில நாம ஜெயிச்சாலும் எளாவூருக்கு எதுவும் முடியாது. 39 அப்படியே இருந்தாலும் மாநிலத்துக்கு உள்ளே கோடு மாறலாம். 2008-ல மாறின மாதிரி. மக்கள்தொகையை மட்டும் தராசுல வச்சா எடை எல்லாம் ஆவடி, மாதவரம் பக்கம். கும்மிடிப்பூண்டியும் பொன்னேரியும் இன்னும் நீளமா இழுக்கப்படலாம், ஒண்ணோட ஒண்ணு சேரலாம். பள்ளிப்பட்டுக்கு நடந்தது இங்கே நடக்காதுன்னு யாராவது எழுதிக் கொடுத்திருக்காங்களா?

ஏரிக்கரைக்காரங்களுக்குப் பங்கு பிரிக்கத் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. பழவேற்காட்டு மீனவர் கிராமங்கள்ல 'பாடு'ன்னு ஒரு முறை தலைமுறை தலைமுறையா இருக்கு. ஏரியில எல்லா இடமும் ஒரே மாதிரி கிடையாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்துல இறால் ஓட்டம் நல்லா இருக்கும், உள்ளே போகப் போகக் குறையும். நல்ல இடம் ஒருத்தருக்கே போயிடக் கூடாதுன்னு ஊர் கூடி, சீட்டுப் போட்டு, முறை வச்சு மாத்திக்குவாங்க. இன்னிக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. அதுலயும் குறை இருக்கு. பாடு உரிமை இல்லாத சமூகங்கள் உண்டு. தண்ணியில இறங்கி வெறுங்கையால இறால் தடவி எடுக்கிற இருளர் குடும்பங்களை யாரும் சீட்டுப் போடக் கூப்பிட்டது இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கணும்னு ஏரிக்கரைக்குள்ளேயே குரல் வந்துக்கிட்டுதான் இருக்கு. ஆனாலும் பங்கு பிரிக்கும்போது பங்காளிங்க நேர்ல உட்கார்ந்திருக்காங்க இல்லையா? 1957, 1960, 1967, 2008. இந்த நாலு தடவையும் ஏரிக்கு மேல கோடு போட்டப்போ ஏரிக்காரன் எங்கே உட்கார்ந்திருந்தான்?

உட்காரச் சட்டத்துல இடம் இருக்கு. 2002 மறுவரையறைச் சட்டத்துப்படி ஆணையம் முதல்ல வரைவை அரசிதழ்ல வெளியிடணும், ஆட்சேபணை கேட்கணும், பொதுக் கூட்டம் போட்டு மக்கள் பேச்சைக் கேட்கணும். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களுமாகப் பத்துப் பேர் இணை உறுப்பினராக இருப்பாங்க, ஆனா அவங்களுக்கு ஓட்டு கிடையாது. இறுதி ஆணை வந்த பிறகு நீதிமன்றத்துக்குப் போய்க் கோட்டை மாத்தலாம்னு கனவு காணாதீங்க. அந்த ஆணைக்குச் சட்டத்தின் பலம் உண்டு, அதைக் கேள்வி கேட்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. பேசுறதுக்கு இருக்கிற ஒரே நேரம் வரைவுக்கும் இறுதிக்கும் நடுவுல இருக்கிற அந்தச் சில வாரம்தான். அந்தச் சட்டம் மக்கள்தொகையை மட்டும் பார்க்கச் சொல்லல. பூகோள அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்கள் வசதி எல்லாத்தையும் பார்க்கணும்னு சொல்லுது. ஏரி ஒரு பூகோள அமைப்பு இல்லாம வேற என்ன? அடுத்த ஆணையத்துக்குப் புதுச் சட்டம் போடுவாங்க. இந்த வரிகள் அதுல இருக்கா, வெட்டிட்டாங்களான்னு முதல் நாளே பார்க்கணும்.

அதனால கும்மிடிப்பூண்டி, பொன்னேரி கிளைத் தோழர்களுக்கு இப்பவே ஒரு வேலை. வரைவு வந்த பிறகு ஓடினா நேரம் பத்தாது. உங்க ஊர்ல எத்தனை வாக்குச்சாவடி, எந்தக் குப்பத்து மக்கள் எந்தச் சாவடிக்கு எவ்வளவு தூரம் நடந்து போறாங்க, மழைக்காலத்துல எந்தப் பாதை துண்டிக்கப்படுது, எந்தெந்தக் கிராமம் ஒரே முகத்துவாரத்தை நம்பி இருக்கு, எந்த ஊர் ஒரே பஞ்சாயத்து, ஒரே சங்கம், ஒரே மீன் ஏலக்கூடம்னு ஒரு நோட்டுல எழுதுங்க. மீனவர் கிராமம், இருளர் குடியிருப்பு, சேரி மூணையும் தனித்தனியா எழுதுங்க, ஒண்ணாச் சேர்த்து எழுதினா கடைசி ரெண்டும் காணாமப் போயிடும். பெரியவங்க யாராவது 1952, 57 தேர்தல் ஞாபகம் வச்சிருந்தா உட்கார்ந்து கேட்டுக்கோங்க. 1952-ல ஓட்டுப் போட 21 வயசு ஆகியிருக்கணும். அவங்கள்ல இன்னிக்கு மிச்சம் இருக்கிறவங்க தொண்ணூத்தி அஞ்சை ஒட்டி. எளாவூர்ல அப்படி ஒருத்தர் இருந்தா முதல்ல அவர் வீட்டுக்குப் போங்க.